தோட்டியோட்டில் தெறித்த பிளக்: மாருதி 800 ஹெட்டுக்குப் புது மரை

தோட்டியோடு தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். போனட்டுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஓலைப்படக்கு வெடித்த மாதிரி. அதைத் தொடர்ந்து ‘ஃபுஸ் ஃபுஸ்’ என்று மூச்சிரைப்பு. வண்டி தள்ளாட ஆரம்பித்தது, பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. ஓரம் கட்டிச் சாவியை அணைத்து போனட்டைத் தூக்கினால், நடுச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் தன் வயரோடு தூக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது இருக்க வேண்டிய ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்க்கிறது.

வண்டி அப்பாவுடையது. 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், அவற்றை மேலே மூடும் ஹெட் அலுமினியம். தக்கலை வீட்டிலிருந்து நாகர்கோவில் போய்வருவதுதான் இப்போது அதற்கு அதிகபட்ச ஓட்டம்.

சத்தம் ஒரு வாரமாகவே இருந்தது. குளச்சல் கரையில் மோட்டார் வள்ளம் கிளம்பும்போது வருமே, அதைப் போல ‘சுக் சுக் சுக்’. ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடும், விட்டால் குறையும். சைலன்சர் கேஸ்கட் போயிருக்கும் என்று நானே முடிவு செய்து, அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். ஞாயிறு வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

ரோட்டோரத்தில் பிளக்கைத் திரும்பக் கையால் ஏற்றிப் பார்த்தேன். சும்மா சுற்றியது. இரண்டு சிலிண்டரில் ஓட்டி வீடு சேர்ந்துவிடலாமே என்று டீக்கடையில் ஒருவர் யோசனை சொன்னார். அதை மட்டும் செய்யாதீர்கள். பிஸ்டன் மேலே வரும்போதெல்லாம் அந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் புகை வெளியே பீய்ச்சும். பக்கத்திலேயே பிளக் வயர் பொறி விட்டுக்கொண்டிருக்கும். தெரிந்த டெம்போக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தோம்.

வெளிச்சத்தில் பிளக்கைப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. பிளக்கின் மரைப் பள்ளங்களுக்குள் அலுமினியம் மெல்லிய சுருளாக ஏறி உட்கார்ந்திருந்தது. நகத்தால் நெம்பினால் ஸ்பிரிங் மாதிரி நீண்டு வந்தது. அது ஹெட்டின் மரை. எங்கள் பக்கம் ‘பிரி போச்சு’ என்பார்கள். இங்கே பிரி போகவில்லை, பிளக்கோடு கிளம்பி வந்துவிட்டது.

காரணம் நான்தான். மூன்று மாதத்துக்கு முன் மூன்று பிளக்கையும் நானே மாற்றினேன். முதலாவதும் மூன்றாவதும் சுகமாக இறங்கின. நடுவிலுள்ளது முக்கால்வாசி கையாலேயே போய், பிறகு பிடித்துக்கொண்டது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். என்ஜின் சூடு வேறு ஆறவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? பிளக் ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு துண்டு ஜிஐ பைப்பைச் செருகி நீளமாக்கி, ஒரு இழுப்பு இழுத்தேன். ‘நறுக்’ என்று கொஞ்சம் நகர்ந்தது. ‘இறுகிடுச்சு’ என்று திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் நடுவில் மட்டும் ஏன் பிடித்தது? அதற்குப் பதில் அப்பாவின் பிஸ்கட் டின்னில் இருந்தது. கழற்றிய எதையும் தூரக் களைய விடமாட்டார். பழைய பிளக் மூன்றையும் டின்னிலிருந்து எடுத்து மேசையில் வரிசையாக நிறுத்தினேன். இரண்டு நெட்டை, ஒன்று குட்டை. நடுச் சிலிண்டரில் இத்தனை வருஷம் இருந்தது, இரண்டு ஸ்ட்ரோக் ஸ்கூட்டருக்குப் போடும் குட்டைப் பிளக்! எந்தக் காலத்தில் எந்தப் பட்டறையில் அவசரத்துக்கு மாட்டினார்களோ, அப்பாவுக்கும் ஞாபகமில்லை. கழற்றும்போது என் கையில்தான் இருந்தது, நானும் பார்க்கவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இரண்டு பிளக்குக்கும் மரையின் விட்டம் ஒன்றுதான், 14 மில்லி. மரை இடைவெளியும் ஒன்றுதான், 1.25. அதனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று அழகாக ஏறும். வித்தியாசம் நீளத்தில். இந்த ஹெட்டுக்கு வேண்டியது 19 மில்லி நீள மரை. குட்டைப் பிளக்கில் இருப்பது 12.7. என்ஜிகே பிளக் என்றால் எண்ணிலேயே தெரிந்துவிடும்: நடுவிலுள்ள சூட்டு எண்ணுக்கு அடுத்து ‘ஈ’ வந்தால் 19, ‘எச்’ வந்தால் 12.7. முதலில் வரும் ‘பி’ 14 மில்லி விட்டத்தைக் குறிக்கும்.

குட்டைப் பிளக் போட்டால் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் ஹெட்டிலுள்ள சுமார் 15 சுற்று மரையில் கீழ் 5 சுற்று மூடுவாரில்லாமல் தீ எரியும் அறையைப் பார்த்து நிற்கும். வருஷக்கணக்கில் அதில் கரி அப்பிக் கல்லாகிவிடும். பிறகு ஒருநாள் சரியான நெட்டைப் பிளக்கைப் போட்டால், பத்துச் சுற்று சுகமாக இறங்கி அந்தக் கரியில் முட்டும். அங்கே பைப் போட்டு இழுத்தால் கரி நகர்வதற்கு முன் அலுமினியம் கிழியும். கசிவைத் தடுக்கும் பிளக்கின் வளையம் ஹெட்டில் சரியாக உட்காராது. ஒவ்வொரு வெடிப்புக்கும் கொஞ்சம் சூடான வாயு மரை வழியாகக் கசியும். மிச்சமிருந்த மரையையும் அது அரித்துத் தின்னும். நான் கேட்ட ‘சுக் சுக்’ அதுதான்.

விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு வைத்தியம். ஒரு பட்டறையில், பிளக்கில் மெல்லிய அலுமினியத் தகட்டைச் சுற்றி ஏற்றித் தருகிறேன், ஆறு மாசம் ஓடும் என்றார்கள். இன்னொருவர் இரும்புப் பசை. வெடிப்பு அழுத்தத்தையும் சூட்டையும் சேர்த்து வாங்குகிற இடத்தில் பசை எத்தனை நாள் நிற்கும்? பழைய ஹெட் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்றும் ஒரு யோசனை. அந்த ஹெட்டின் மரை எப்படியிருக்குமோ, யார் கண்டது.

ஹெட்டை இறக்காமல் முடியுமா என்று முதலில் பார்த்தேன். 14க்கு 1.25 டேப் (மரை வெட்டும் கருவி) ஒன்றை வாங்கி, இருக்கிற மரையைச் சுத்தம் செய்தால் கீழ்ச் சுற்றுகளாவது உயிரோடு இருக்குமா என்று ஒரு நப்பாசை. இதற்குப் பிஸ்டன் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டேப் அதன் தலையில் இடிக்கும். எல்லாப் பிளக்கையும் கழற்றி, வண்டியை நாலாவது கியரில் போட்டு, ஓட்டைக்குள் துடைப்பத்திலிருந்து உருவிய நீள ஈர்க்கில் ஒன்றை விட்டேன். பையன் வண்டியைப் பைய முன்னால் தள்ளத் தள்ள, ஈர்க்கில் மேலே வந்து, நின்று, பிறகு இறங்கியது. நன்றாக இறங்கியதும் ஹேண்ட் பிரேக். ஈர்க்கில் முழு நீளமாக இருக்கட்டும், ஒரு முனையைக் கையிலிருந்து விடவே கூடாது. ஒடிந்து உள்ளே விழுந்தால் அது தனிக் கதையாகிவிடும்.

டேப்பின் பள்ளங்களில் கெட்டியாகக் கிரீஸ் அடைத்தேன். பொடி உதிராமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும் என்பதற்காக. அரைச் சுற்று உள்ளே, வெளியே எடுத்துத் துடை, மறுபடி கிரீஸ், மறுபடி அரைச் சுற்று. சொல்லப்போனால் அவ்வளவு பாடுபட வேண்டிய அவசியமே வரவில்லை. மேல்பாதியில் டேப் விரலாலேயே சுற்றிக்கொண்டு போனது, வெட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. அடியில் மட்டும் கடித்தது, கருப்புத் தூள் வந்தது. பழைய நெட்டைப் பிளக் ஒன்றை ஏற்றிப் பார்த்தேன். கடைசி மூன்று நாலு சுற்றில் பிடித்தது. ஸ்பேனரை இரண்டு விரலால் லேசாகத் தொட்டதும் ‘பொளக்’ என்று வழுக்கியது. அவ்வளவுதான், அந்த மரை செத்தாச்சு.

அடுத்தது சுருள் கம்பி. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி மரை வெட்டி, அதற்குள் எவர்சில்வர் கம்பிச் சுருளை இறக்கினால் உள்ளே பழைய 14 மில்லி மரை கிடைத்துவிடும். போல்ட் மரைக்கு இதைவிட நல்ல வைத்தியம் இல்லை, நானே கியர்பாக்ஸ் போல்ட்டுக்குச் செய்திருக்கிறேன். பிளக்குக்கு மட்டும் எனக்குத் தயக்கம். சுருளின் அடியில் குறுக்காக ஒரு வால் இருக்கும், அதைப் பிடித்துத்தான் சுருளை உள்ளே சுற்றுவது. வேலை முடிந்ததும் வாலை உடைத்து எடுக்க வேண்டும். கை தவறினால் வால் சிலிண்டருக்குள். காந்தம் விட்டு எடுக்கலாமென்றால் எவர்சில்வர் காந்தத்தை மதிக்காது. இன்னொன்று, பிளக்கை அடுத்த முறை கழற்றும்போது சுருளும் கூடவே வந்துவிடுவதுண்டு. நல்ல கையால் போட்டால் வராதுதான். என் கையின் லட்சணத்தை மேலேயே சொல்லிவிட்டேன்.

அப்படித்தான் நாகர்கோவிலில் ஒரு லேத் பட்டறையின் ஆசானிடம் போனேன். எழுபது வயதிருக்கும். பிளக்கையும் அதிலிருந்த அலுமினியச் சுருளையும் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இது யாருக்க வேலை மக்கா?”

“எனக்க வேலைதான் ஆசானே.”

“பைப் போட்டியா?”

தலையாட்டினேன். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. “ஹெட்டை இறக்கிக் கொண்டா. புஷ் போட்டுத் தாறேன். வண்டியில வச்சு நான் தொடமாட்டேன் கேட்டியா.”

புஷ் என்பது உள்ளும் புறமும் மரை வெட்டிய உலோகக் குழல். வண்டியில் வைத்து ஏன் முடியாது என்றால், அதைப் போட ஓட்டையை 16.5 மில்லிக்குப் பெரிதாக்க வேண்டும். கையில் பிடித்த ட்ரில் ஏற்கெனவே நைந்த ஓட்டைக்குள் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. பிளக் சாய்ந்தால் வளையம் ஒரு பக்கம் மட்டும் உட்காரும், திரும்பவும் கசிவு. அதோடு அவ்வளவு அலுமினியச் சுருளையும் கிரீஸ் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று நம்ப எனக்கே தைரியமில்லை.

ஹெட் இறக்கியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, ஹோஸ்களுக்கெல்லாம் துணி டேப்பில் நம்பர் ஒட்டி, செல்போனில் படம் எடுத்து, டைமிங் குறிகளை நேராக்கி பெல்ட்டைக் கழற்றி, ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஒரு நாள் வேலை. கடல் காற்று சும்மா விடுமா? சைலன்சர் நட்டுகள் துருவில் ஒன்றாகிவிட்டிருந்தன. இரண்டு நாள் ஆயில் ஊற்றியும், நட்டு ஏறியிருந்த மரைக் கம்பி (ஸ்டட்) ஒன்று ஒடிந்தது. அதையும் சேர்த்து ஆசான் தலையில் கட்டினேன். ஹெட்டைப் பழைய சாரத்தில் (லுங்கியில்) பொதிந்து ஆட்டோவில் கொண்டுபோனேன், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போவதைப் போல.

புஷ் எதில் செய்வது என்பதில் எங்களுக்குள் ஒரு சின்ன வாக்குவாதம். நான் பித்தளை என்றேன். சூட்டில் விரிவதில் அலுமினியத்துக்குப் பக்கத்தில் நிற்பது அதுதான், ஸ்டீல் அலுமினியத்தில் பாதியளவுதான் விரியும். சூட்டைக் கடத்துவதிலும் பித்தளை மேல். ஆசான் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “பிளக் இரும்பு. பத்து வாட்டி கழத்தி மாட்டினா பித்தளைக்க பிரி தேயும். அப்புறம் நீ பைப் எடுப்பே.” அதோடு என் வாதம் முடிந்தது.

ஸ்டீல் புஷ்ஷையே கடைந்தார். உள்ளே 14க்கு 1.25, வெளியே 18க்கு 1.5. இரண்டு மரைக்கும் நடுவில் மிஞ்சுகிற சுவர் ஒடுங்கிய இடத்தில் சுமார் 1 மில்லிதான். மேலே 21 மில்லிக்குச் சரிவான ஒரு காலர், ஸ்க்ரூத் தலை மாதிரி. ஹெட்டிலும் அதே சரிவில் ஒரு குழி வெட்டினால் காலர் அதில் புதைந்து மேல்மட்டத்தோடு சமமாக நிற்கும். காலர் மேலே துருத்தினால் பிளக் அந்த அளவுக்கு மேலே ஏறிவிடும், அதன் முனை அறைக்குள் எட்டாது.

நான் வாய் பிளந்து பார்த்தது ஹெட்டை ட்ரில்லிங் மெஷினில் நிறுத்திய விதத்தைத்தான். பிளக் ஓட்டை ஹெட்டின் அடிப்பரப்புக்குச் சாய்வாக இருக்கிறது. மரை போன ஓட்டையை வைத்து அந்தச் சாய்வை எப்படிப் பிடிப்பது? ஆசான் நடு ஓட்டையைத் தொடவே இல்லை. ஒரு நேரான கம்பியின் நுனியில் 14 மில்லி மரை வெட்டி, நல்லாயிருக்கிற ஒன்றாம் நம்பர் ஓட்டையில் ஏற்றினார். மூன்று பிளக்கும் ஒரே சாய்வு அல்லவா? அந்தக் கம்பி மட்டத்துக்குச் செங்குத்தாக நிற்கும்வரை ஹெட்டின் ஒரு பக்கத்துக்குத் தகடு கொடுத்துக் கொடுத்து உயர்த்தினார். முன்னால் ஒரு முறை மூலைமட்டம் வைத்துப் பார்த்தார், பக்கவாட்டில் ஒரு முறை. ஒரு தகட்டை எடுத்துவிட்டு அதைவிட மெல்லிய ஒன்றைப் போட்டார். இதற்கே முக்கால் மணி நேரம். ஓட்டை போட்டதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

15, 16, பிறகு 16.5. மூன்று பிட். அடுத்து டேப். டேப்பின் தலையிலுள்ள குழியில் மெஷினின் கூர் முனையை அழுத்தி வைத்துக்கொண்டு கையால் சுற்றினார், அப்போதுதான் சாயாது. மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தார். அலுமினியத்துக்கு ஆயிலைவிட அதுதான் நல்லது, பிட்டில் ஒட்டாது. முக்கால் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். வெள்ளிச் சுருள்கள் ஹெட்டின் அடிப்பக்கமாக உதிர்ந்தன. இதெல்லாம் என் சிலிண்டருக்குள் விழுந்திருக்க வேண்டியவை என்று நினைத்துக்கொண்டேன்.

புஷ்ஷையும் ஓட்டையையும் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து, சூடு தாங்கும் மரைப்பசை தடவி இறக்கினோம். இறக்குவதற்குப் பிளக்கைக் கருவியாக்கக் கூடாது, இறுக்கிய பிறகு கழற்றினால் புஷ் கூடவே வரும். அதே மரையுள்ள போல்ட்டில் ஒரு நட்டை ஏற்றி, நட்டைக் காலர்மேல் பூட்டி, போல்ட்டின் தலையைப் பிடித்துச் சுற்ற வேண்டும். உட்கார்ந்ததும் முதலில் நட்டைத் தளர்த்தினால் போல்ட் சும்மா வந்துவிடும். பிறகு காலரின் விளிம்பில் மூன்று இடத்தில் சென்டர் பஞ்சால் ஒவ்வொரு குத்து.

கடைசியாக ஹெட்டைக் கவிழ்த்து, அறைப்பக்கம் எட்டிப் பார்த்த புஷ் நுனியை அரம் போட்டுச் சமமாக்கினார். விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். அங்கே கூரான முனை மிஞ்சினால் அது பழுக்கக் காய்ந்து, பிளக் பொறி விடுவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும்.

திரும்ப மாட்டியதில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. புது ஹெட் கேஸ்கட், போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே மூன்று தவணையாக இறுக்கியது, டைமிங் குறி பார்த்தது, வால்வு இடைவெளி வைத்தது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்பேனரால் என்ஜினை முழுதாக இரண்டு சுற்று கையால் சுற்றினேன். ஒன்றும் இடிக்கவில்லை.

பிளக்கை மாட்ட இப்போது என்னிடம் ஸ்பேனருக்கு முன் ஒரு பழைய பெட்ரோல் ஹோஸ் துண்டு இருக்கிறது, ஒரு சாண் நீளம். பிளக்கின் தலையில் அதைச் செருகி, ஹோஸைச் சுற்றியே உள்ளே இறக்க வேண்டும். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், பிளக்கைக் கட்டாயப்படுத்தும் பலம் அதற்கு இல்லை. வளையம் ஹெட்டில் தொடும்வரை ஹோஸ். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர், புதுப் பிளக் என்றால் அரையிலிருந்து முக்கால் சுற்றுக்குள், அதுவும் என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருப்பவர்கள் 25 நியூட்டன் மீட்டர் வைக்கலாம். மரையில் கிரீஸ் எதுவும் தடவவில்லை. தடவினால் அதே விசைக்குப் பிளக் அதிகமாக இறுகும், திரும்ப அதே கதை.

ஸ்டார்ட் செய்து, சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் பிளக்கைச் சுற்றித் தடவினேன். ஒரு குமிழி இல்லை. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், சதுர அங்குலத்துக்கு 170, 165, 170 பவுண்டு. நடுவிலுள்ளது 5 குறைவு. அது புஷ்ஷாலா வால்வாலா என்று நோண்டப் போகவில்லை.

புஷ்ஷும் ஒடிந்த ஸ்டட்டும் சேர்த்து ஆசான் வாங்கியது 900 ரூபாய். ஹெட் கேஸ்கட், கூலன்ட், ஆயில், ஒரு ஹோஸ் எல்லாம் சேர்த்து அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. இறக்கி ஏற்றியது என் இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

1,100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நடுப் பிளக்கை ஒரு தடவை கழற்றிப் பார்த்தேன். முனை வெளிர் பழுப்பு, புஷ் அசையவில்லை, ஹோஸ் துண்டாலேயே அடிவரை திரும்ப இறங்கியது. குட்டைப் பிளக்கை அப்பா டின்னிலேயே போட்டுவைத்திருக்கிறார், மேலே ஒரு துணி டேப் சுற்றி, அதில் பேனாவால் ‘800க்கு அல்ல’ என்று எழுதி. தூரக் களைந்துவிடலாமே என்றேன். “ஸ்கூட்டர்காரன் யாராவது கேட்டா?” என்கிறார்.